கழுத்துக்கு ஒரு வார்

எங்கள் ஊரில் தோல் இல்லாத இடம் கிடையாது. ஆற்றங்கரையில் தோல் காயும். ரயிலடியில் தோல் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். குடிக்கிற தண்ணீரில்கூடத் தோல் வாடை வரும். அப்படிப்பட்ட ஊரில்தான், கழுத்தில் தோல் வார் இல்லை என்று சொல்லி எங்கள் நாயை அடித்துக் கொன்றார்கள். இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்தாலும் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. வயசால் அல்ல, கோபத்தால்தான்.

முனிசிபாலிட்டி சட்டம் அப்படி. வளர்க்கிற நாய் என்றால் கழுத்தில் தோல் வார் இருக்க வேண்டும், வாரில் பித்தளை வில்லை கோத்திருக்க வேண்டும். இல்லாததெல்லாம் தெருநாய். குண்டாந்தடியோடு நாலு ஆட்கள் எப்போதாவது திடீரென்று வந்து தெருத் தெருவாக அடித்து வண்டியில் போட்டுக்கொண்டு போவார்கள். எங்கள் நாய் கழுத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருந்தேன். நான் வேலை முடிந்து வருவதற்குள் அதை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பின்னாலேயே ஓடிப் போய்க் கேட்டேன், கயிறு கட்டியிருக்கிறதே, கண் அவிந்து போய்விட்டதா என்று. அந்த ஆள் திருப்பிச் சத்தம் போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். சாதாரணமாகச் சொன்னான்.

"கயிறு இருக்குதும்மா. வார் இல்லியே."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் தோல் பதனிடுகிற டேனரி ஒன்றில், மயிர் உதிரத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். தினமும் எத்தனையோ தோல் அவர் கையில் புரண்டு போகும். அதில் ஒரு முழ வார் என் நாய்க்குக் கிடைக்கவில்லை. செருப்புத் தைப்பவரிடம் போய்க் கேட்டால், தோல் கொண்டுவந்து கொடு, தைத்துத் தருகிறேன் என்றார். கடை வார் வேலூரில் விற்றது. அது எங்கள் ஊர்த் தோல் கப்பலேறிச் சீமைக்குப் போய், பளபளவென்று திரும்பி வந்தது. அந்த விலைக்கு எங்கள் கை எட்டாது. டேனரியில் ஓரம் வெட்டிக் கீழே போடுகிற துண்டைக் கேட்டால் அதுவும் முதலாளியுடையது, பசை காய்ச்சுகிறவர்களுக்கு விற்றுவிடுவார்கள். வேலை விட்டு வரும்போது கேட்டில் இடுப்புத் துணியை அவிழ்த்து உதறச் சொல்லிச் சோதனை போடுவார்கள். தேய்ந்த செருப்புக்கு ஒட்டுப் போட உள்ளங்கை அகலம் துண்டு எடுத்த ஒருவனை எல்லார் முன்னாலும் அடித்து வேலையை விட்டு அனுப்பியதை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். "நான் கை நீட்ட மாட்டேன்" என்பார். எப்போது கேட்டாலும் இதே பதில். அந்த நேர்மையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாய் வெறும் செல்லத்துக்கு அல்ல. எனக்கு வேலை அக்கரையில், வேறொரு டேனரியில். தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. விடிகிற நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர முடியும். பாலாற்றில் தண்ணீர் ஏது, அகலமான மணல்தான். நாணல் புதர்களுக்கு நடுவே அதைத் தனியாகக் கடக்க வேண்டும். எங்கள் தெருவிலிருந்து அக்கரைக்கு வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான். நாய் இருந்தவரை அது முன்னால் ஓடும், நான் பின்னால் போவேன். நாய் போன நாலாம் நாள் மணலில், பட்டை இடிக்கிற எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி நின்றுகொண்டிருந்தான்.

"தனியாவா போறே? துணைக்கு வர்றேன்" என்றான்.

அவன் வீடு அக்கரையில், டேனரிக்குப் பின்னாலேயே இருந்தது. விடியற்காலையில் அவனுக்கு ஆற்றின் நடுவில் ஒரு வேலையும் கிடையாது. முதல் நாள் பத்தடி தள்ளி வந்தான். அடுத்த வாரம் நாலடி. பிறகு என் தூக்குச் சட்டியைத் தூக்கி வருகிறேன் என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டு ஓடினேன். அன்று முழுவதும் எனக்கு முற்றிய பட்டையாகப் பார்த்துப் போட்டான். உலக்கை பிடித்துப் பிடித்துக் கை கொப்பளித்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், நாலு பேரோடு சேர்ந்து போ என்றார். எந்த நாலு பேர் என்று கேட்டேன். அவர் துண்டை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வேலையை விட்டுவிடுவோமா என்று நானே யோசிக்க ஆரம்பித்தேன். தப்பு செய்கிறவன் அவன், வேலை போகிறது எனக்கு.

இந்த நேரத்தில்தான் என் தம்பி நாய்க்குட்டி கிடைக்கும் என்ற சேதியோடு வந்தான். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ரயில்வே துரை பங்களாவில் அவன் சமையல்காரன். அங்கே துரைசாணியிடம் ஒரு சீமை நாய் இருந்தது. பூனை உயரம், வெள்ளை வெளேரென்று தரையைக் கூட்டுகிற மயிர், நாளெல்லாம் அவள் மடியில்தான் கிடக்கும். பக்கத்துத் தோல் மண்டிக்காரரிடம் தெற்கேயிருந்து வரவழைத்த வேட்டை நாய் ஒன்று. அது இடுப்பு உயரம், விலா எலும்பை எண்ணிவிடலாம், மயிர் என்பதே பேருக்குத்தான். இரண்டும் எப்படியோ வேலி தாண்டிவிட்டன. எப்படி என்று தம்பிக்கே விளங்கவில்லை. மூன்று குட்டி. துரைசாணிக்குத் தாங்க முடியாத அவமானமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் எடுக்காவிட்டால் பக்கெட்டுத் தண்ணீரில் அமுக்கிவிடச் சொல்லிவிட்டாள், அதையும் என் தம்பிதான் செய்ய வேண்டும்.

என் வீட்டுக்காரர் முகத்தில் மாசக்கணக்காக இல்லாத வெளிச்சம் வந்தது.

"பாதிக்குப் பாதி வந்தாலே போதும்மே" என்றார். "பல்லு அப்பனுது, மூஞ்சி அம்மாது. நாய் அடிக்கிறவன் மூஞ்சியப் பாத்துட்டே, பங்களா நாயின்னு வுட்டுட்டுப் போய்டுவான்."

"மாத்தி வந்தா?" என்று கேட்டேன். "பல்லு அம்மாது, மூஞ்சி அப்பனுதுன்னு வந்தா இன்னா பண்ணுவே?"

அடுத்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அம்மாவின் குட்டைக் கால் வந்தால் மணலில் புதைந்துபோகும், தூக்குச் சட்டியோடு நாயையும் நான் இடுப்பில் சுமந்துகொண்டு போக வேண்டும். அம்மாவின் மயிர் வந்தால் பட்டைத் தூளும் நெருஞ்சி முள்ளும் ஏறி நாலே நாளில் சடை விழும். அப்பனின் கால் வந்தால் முயலைக் கண்டதும் என்னை நடு ஆற்றில் விட்டுவிட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடும். அம்மாவின் குணம் வந்தால் மேஸ்திரி மடியிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். சோறு அடி பிடித்தது, அதற்கும் ஒரு சண்டை. தம்பிக்குப் பேஜாராகப் போய், ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள் என்றான்.

பங்களாவின் பின்கட்டுக்குப் போனோம். சாராயப் பெட்டி ஒன்றில் மூன்றும் கிடந்தன. ஒன்று முழு வெள்ளை, ஒன்று வேட்டை நாய் மாதிரியே. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் ஆத்திரம் வந்தது. நீண்ட உடம்பு, அதைத் தாங்கப் போதாத கால், கூர் மூக்கு, காதில் மட்டும் குஞ்சம் குஞ்சமாக வெள்ளை மயிர். இதையா எனக்குக் காவலுக்குத் தருகிறார்கள் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்துத் தூக்கினார். கத்தாத குட்டிதான் தேறும் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. வெள்ளை கத்தியது. வேட்டைச் சாயல் இன்னும் அதிகமாகக் கத்தியது. அந்த மூன்றாவது மட்டும் சத்தமே இல்லாமல் தொங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது. நகத்தை எண்ணினார், மற்ற நாய்க்குப் பதினெட்டுதான், இதற்கு இருபது. இருபது நகம் இருந்தால் வேட்டை ரத்தம் என்று சந்தோஷப்பட்டார்.

துரைசாணி சன்னலருகே வந்து இங்கிலீஷில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். என்ன என்று கேட்டேன். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுங்கெட்டான்னு சொல்றாங்கக்கா" என்றான்.

வருகிற வழியில் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கால், மயிர் என்றெல்லாம் சுற்றி வளைத்துப் பேசியது போதும் என்று இருந்தது. ரோட்டிலேயே நின்று கேட்டேன். இது குட்டி. பல் முளைத்துப் பயமுறுத்துகிற அளவுக்கு வர எட்டு மாசமாவது ஆகும். அந்த எட்டு மாசம் அந்த மணலில் எனக்கு யார்?

அவர் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுவரைக்கும் நான் வர்றேன். முன்னாடியே எழுந்து ஒன்ன வுட்டுட்டு, ஓடியாந்து சுண்ணாம்புல எறங்குறேன்."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டியிருந்தது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாயும் வேண்டாம், பேயும் வேண்டாம். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். அவர் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டார். அதனாலேயே நான் பாதி இறங்கிவிட்டேன். ஆனால் ஒன்று சொன்னேன், வாரும் வில்லையும் இல்லாமல் அந்தக் குட்டி என் வாசலுக்கு வரக் கூடாது. இன்னொரு தடவை அந்த வண்டிக்குப் பின்னால் என்னால் ஓட முடியாது.

மறுநாள் மத்தியானம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா பெரிய நோட்டைத் திறந்தார். பேர் கேட்டார், தெரு கேட்டார், தொழில் கேட்டார். என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டே குமாஸ்தா கேட்டார்.

"ஜாதி?"

இவர் எங்கள் ஜாதியைச் சொன்னார்.

குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒன் ஜாதிய யாருய்யா கேட்டது? நாய் இன்னா ஜாதி?" அடுத்த மேசைக்காரரிடம் அதைத் திருப்பிச் சொன்னார். அவர் எழுந்து போய் உள்ளே இருந்தவர்களிடம் சொன்னார். ஆபீசே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதே பதில்தான் சொல்லியிருப்பான். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், டேனரியில் பேர் எழுதும்போது கேட்டார்கள். நாய்க்குக் கேட்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் முன்னால் போய், அம்மா துரைசாணி பங்களாச் சீமை நாய், அப்பன் மண்டிக்காரர் வேட்டை நாய் என்றேன். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு நின்றுபோய்விட்டது. எந்தத் துரைசாணி என்று விசாரித்தார். சொன்னதும் ஜாதி என்ற இடத்தில் 'சீமை' என்று திருத்தமாக எழுதினார். அப்பனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாங்கள் உள்ளே வந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தோம், அந்த நாய்க்காக இப்போது பெஞ்சில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வார் கொண்டுவந்து காட்டினால் வில்லை தருவதாகச் சொல்லி நோட்டை மூடினார்.

வீடு வரும்வரை நான் அவருக்கு முன்னால் வேகமாக நடந்தேன். எனக்கு அந்தக் குமாஸ்தா மேல் கோபம், சிரிக்கப் பார்த்த இவர் மேல் கோபம், ஒரு வார்த்தை கேட்காமல் வந்த என் மேலும் கோபம். குட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்தபோது துண்டைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தார். அந்தப் புழுக்கத்தில் என்ன கேடு என்று கேட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். துண்டை அவிழ்த்தார்.

கழுத்தைச் சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்குத் தோல் வார். பின்பக்கம் சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார். வேர்வையில் பட்டைச் சாயம் இறங்கிக் கழுத்தெல்லாம் செக்கச் சிவந்திருந்தது. கேட்டில் பொன்னுக்கு வீங்கி என்று சொன்னாராம். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து காவல்காரன் ஒதுங்கி நின்று போகச் சொல்லிவிட்டானாம். இடுப்பை உதறச் சொல்கிறவர்கள் கழுத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்திருக்கிறார். கை நீட்ட மாட்டேன் என்று அத்தனை வருஷம் சொன்ன மனுஷன்.

முடிச்சு நனைந்து இறுகிப்போய் அவரால் அவிழ்க்க முடியவில்லை. என் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். எனக்கும் விரலால் முடியவில்லை, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். இந்த வார் வேண்டும் என்று எத்தனை நாள் அவரைப் பிடுங்கித் தின்றிருப்பேன்? அதை அந்த இடத்தில் பார்த்தபோது அவர் மேல் வந்த கோபம் அதுவரை வந்ததில்லை. முதுகில் பளாரென்று ஒன்று வைத்தேன். பிறகு அவர் கழுத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சிவப்பு முழுசாகப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி குட்டியைக் கொண்டுவந்து விட்டான். மற்ற இரண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. செருப்புத் தைப்பவர் வாரில் நாலைந்து ஓட்டை போட்டு, பக்கிள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். தோல் எங்கேயிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை. மறுநாளே ஆபீசில் வாரைக் காட்டி வில்லையும் வாங்கிக் கோத்தோம்.

சொன்னபடியே என் வீட்டுக்காரர் தினமும் என்னை அக்கரையில் விட்டுவிட்டு ஓடினார். மேஸ்திரி அவரைக் கண்டால் புதருக்கு அந்தப் பக்கமாகவே நடந்து போய்விடுவான். நாய் வளர்ந்தது. வளர்ந்து என்ன, கால் அப்படியேதான் இருந்தது. காதுக் குஞ்சத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. குட்டியில் கத்தாதது வளர்ந்த பிறகும் குரைக்கவில்லை. குரைக்கவே இல்லை. இது ஊமையோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு நாள் அவருக்குக் குளிர் ஜுரம். நானும் நாயும் மட்டும் ஆற்றில் இறங்கினோம். மேஸ்திரி எப்படித்தான் தெரிந்துகொண்டானோ, நடு மணலில் நின்றான். நாயைப் பார்த்துச் சிரித்தான், இதுவா உன் துணை என்றான். பிறகு அவன் பார்வை அதன் கழுத்துக்குப் போனது. முப்பது வருஷம் தோலில் கிடந்தவன், ஒரே பார்வையில் கண்டுகொண்டான்.

"டேனரித் தோலாச்சே. ஏது?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தான்.

வார் பிடிபட்டால் எனக்கு ஒன்றுமில்லை, என் வீட்டுக்காரருக்குத்தான் அடியும் விழும், வேலையும் போகும். ஆனால் அவ்வளவு நாள் சேர்த்து வைத்ததெல்லாம் அப்போதுதான் வாயில் வந்தது.

"திருடினதுதான்" என்றேன். "கழட்டி எடுத்துக்கினு போய் மொதலாளி கையில குடு. எங்க பாத்தேன்னு கேப்பாரு. ஆத்துலன்னு சொல்லு. விடியக்காலைல ஆத்துல ஒனக்கு இன்னாடா வேலன்னு கேப்பாரு. அதுக்கும் ஒரு பதில் வச்சிக்கோ."

அவன் கை வாருக்கு அருகில் வந்துவிட்டது. நாய் குரைக்கவில்லை, அசையவும் இல்லை. மேலுதட்டை மட்டும் மெதுவாகத் தூக்கிக் காட்டியது. பல் அப்பனுடையதுதான். அவன் கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். நானும் நாயும் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு அவனை நான் ஆற்றில் பார்த்ததில்லை.

சாயங்காலம் வந்து, போர்த்திக்கொண்டு கிடந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசும் கேட்டார். நாயைக் கிட்டே கூப்பிட்டு வாருக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இறுக்கமா இருக்குதுமே" என்றார். "ஒரு ஓட்ட தள்ளிக் கட்டு. கழுத்து எரியும்."

சொல்லிவிட்டு, இன்னொரு கையால் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.